இழைப்பு மிஷினுக்கு ஸ்பைரல் பிளாக்: எங்கள் பட்டறைக் கணக்கு

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், தொழில் அனுபவப் பகிர்வு அமர்வில் பேசியது)

 

எனக்கு முன்னால் பேசினவங்க ஊறுகாய், தையல், ஆடு வளர்ப்பு என்று பேசினாங்க. நான் ஒரு இரும்பு உருளையைப் பற்றிப் பேசப் போறேன். அதன் பேர் ஸ்பைரல் கட்டர் பிளாக். இது மரவேலைக்காரங்க சமாச்சாரம், நமக்கு எதுக்கு என்று யாரும் எழுந்துவிடாதீங்க. கடைசியில் கூட்டமைப்பிடம் ஒரு கோரிக்கை வைக்கப் போறேன். அது மாவு மில் வைத்திருக்கிற குழுவுக்கும், செக்கு வைத்திருக்கிற குழுவுக்கும், பாக்குமட்டைத் தட்டு போடுகிற குழுவுக்கும் பொருந்தும்.

எங்கள் வேலை

நாங்கள் ஆறு பேர். மனைப்பலகை, சப்பாத்திப் பலகை, ஊஞ்சல் பலகை, நவராத்திரி நெருங்கினால் மடக்குக் கொலுப்படி, இவைதான் எங்கள் சரக்கு. மா, வேம்பு, வாகை, பூவரசு என்று நாட்டு மரம்தான் அதிகம். செங்கோட்டைப் பக்கம் அறுவை மில்லிலிருந்து பலகையாக வாங்கி வருவோம். எப்போதாவது வீடு இடிப்பில் பழைய தேக்கு கிடைக்கும்.

மில்லிலிருந்து வரும் பலகை அப்படியே வேலைக்கு ஆகாது. ரம்பத்தின் வரி இருக்கும், வளைவு இருக்கும், காய்ந்ததில் முறுக்கி இருக்கும். அதை நேராக்க இரண்டு மிஷின் வேண்டும். முதலாவது சர்ஃபேஸ் பிளானர். பலகையை மேலே வைத்துக் கையால் தள்ளுவோம், அடியில் கட்டர் சுற்றும். ஒரு பக்கம் தட்டையாகும், ஒரு ஓரம் மட்டமாகும். இரண்டாவது திக்னஸர். அதில் பலகையை விட்டால் உருளை தானே இழுத்துக்கொள்ளும், கட்டர் மேலே இருந்து சீவும். எல்லாப் பலகையும் ஒரே கனத்தில் வெளியே வரும். முதல் மிஷின் மட்டம் கொடுக்கும், இரண்டாவது கனம் கொடுக்கும். ஒன்று செய்கிற வேலையை மற்றொன்று செய்யாது. வளைந்த பலகையை நேரே திக்னஸரில் விட்டால் வளைந்தபடியே மெலிந்து வரும், அவ்வளவுதான்.

நேர் பிளேடின் பாடு

இரண்டு மிஷினிலும் உயிர் அந்தக் கட்டர் பிளாக்தான். எங்கள் மிஷின் வந்தபோது அதில் மூன்று நீளப் பிளேடு இருந்தது. 12 அங்குல நீளம். உருளையில் நீளவாட்டில் பள்ளம் இருக்கும், அதில் பிளேடை வைத்து, ஆப்புப் பட்டை வைத்து போல்ட்டால் இறுக்க வேண்டும்.

நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றுகிற பிளாக்கில் மூன்று பிளேடு என்றால் நிமிடத்துக்கு 15,000 அடி. ஒவ்வொரு அடியும் பலகையின் முழு அகலத்துக்கும் ஒரே நேரத்தில் விழும். அதனால்தான் அந்த மிஷின் சங்கு ஊதுகிற மாதிரி அலறும். பலகை நிமிடத்துக்கு 6 மீட்டர் நகர்ந்தால் ஒரு பிளேடுக்கும் அடுத்த பிளேடுக்கும் நடுவே 0.4 மில்லி மீட்டர்தான். மூன்று பிளேடும் ஒரே உயரத்தில் நின்றால்தான் மூன்றும் வேலை செய்யும். ஒன்று தலைமுடிக் கனம் தூக்கி நின்றாலும் அது ஒன்றுதான் வெட்டும், மற்ற இரண்டும் சும்மா சுற்றும், பலகையில் அலை அலையாக வரி விழும்.

அந்த உயரத்தைச் சரி பண்ணுவதுதான் பிளேடு செட்டிங். சாணை பிடிக்கிற இடம் ஒரு ஊரில், செட்டிங் போடுகிற ஆள் வேறொரு ஊரில். அவர் நல்ல வேலைக்காரர், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவருக்கு முப்பது பட்டறை இருக்கிறது. நாம் கூப்பிட்ட நாளில் வர மாட்டார், அவருக்குத் தோதுப்பட்ட நாளில்தான் வருவார். ஆர்டர் கொடுத்த கடைக்காரர் போனில் கேட்டுக்கொண்டே இருப்பார். நாங்கள் கைகட்டி உட்கார்ந்திருப்போம். மிஷின் எங்களுடையது, கடன் எங்களுடையது, ஆனால் மிஷின் ஓடுமா ஓடாதா என்பது வேறொருத்தர் கையில். இதுதான் எங்களை ரொம்ப உறுத்திய விஷயம்.

அடுத்தது மரம். வேம்பும் வாகையும் ஒரே வாட்டத்தில் வளராது. ஒரு அடுக்கு நார் இப்படிச் சாய்ந்தால் அடுத்த அடுக்கு அப்படிச் சாயும். எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் பாதிப் பலகை எதிர்வாட்டமாகத்தான் இருக்கும். எதிர்வாட்டத்தில் நேர் பிளேடு விழுந்தால் நாரை வெட்டாது, பேர்த்து எடுக்கும். கணுவைச் சுற்றிக் கோழி கொத்தின மாதிரிக் குழி விழும். அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுக்க ஒருத்திக்கு அரைநாள் போகும். தேக்கு அப்படிப் பேராது, ஆனால் அதில் இயற்கையாகவே மணல் சத்து உண்டு. அது பிளேடு முனையைத் தின்றுவிடும்.

மூன்றாவது சத்தம். எங்கள் பட்டறைக்குப் பக்கத்துச் சுவரே வீடுதான். பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்கிறார்கள், கைக்குழந்தை தூங்குகிறது. அவர்கள் பஞ்சாயத்தில் போய்ச் சொன்னதில் தப்பே இல்லை. மத்தியானம் ஒன்றிலிருந்து நான்கு வரை மிஷின் ஓட்டக்கூடாது என்று பேசி முடித்தார்கள். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வருமுன் வேலையை முடித்து வீட்டுக்குப் போக வேண்டிய பொம்பளைகளுக்கு அந்த மூன்று மணி நேரம்தான் வேலை நேரமே. பட்டறையை இடம் மாற்றலாமா, மூடலாமா என்கிற பேச்சு வரைக்கும் போனது.

ஸ்பைரல் பிளாக் என்றால் என்ன?

அதே உருளைதான். ஆனால் நீளப் பிளேடு கிடையாது. அதற்குப் பதிலாகச் சின்னச் சின்னச் சதுர வில்லைகள். 15 மில்லி மீட்டர் அளவு, ஒரு சின்ன பிஸ்கட் துண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் நடுவில் ஒரு திருகாணியோடு உருளையில் திருகுப்படி மாதிரி வரிசையாகச் சுற்றி நிற்கும். இதைப் பட்டறையில் டிப் என்று சொல்வோம். எங்கள் 12 அங்குல பிளாக்கில் 48 டிப் இருக்கிறது.

டிப் செய்கிற பொருள் டங்ஸ்டன் கார்பைடு. நீளப் பிளேடின் எஃகைவிட ரொம்பக் கடினம். சுவரில் துளை போடுகிற டிரில் பிட்டின் நுனியில் ஒட்டியிருக்கிறதே, அந்த இனம். ஒரு டிப்புக்கு நான்கு பக்கமும் முனை. ஒரு முனை மழுங்கினால் திருகாணியைத் தளர்த்தி, கால் சுற்றுத் திருப்பி, மறுபடி இறுக்கினால் புது முனை. நான்கும் தீர்ந்தால்தான் புது டிப். சாணையும் இல்லை, செட்டிங்கும் இல்லை. டிப் உட்காரும் இடத்தை மிஷினில் அச்சாகக் கடைந்திருப்பதால் உயரம் தானாகவே சரியாக நிற்கும்.

சத்தம் ஏன் குறைகிறது? நேர் பிளேடு உள்ளங்கையால் மேசையில் அறைகிற மாதிரி. ஸ்பைரல், விரல்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டுகிற மாதிரி. ஒரு நேரத்தில் சில டிப்தான் மரத்தைத் தொடும். செல்போனில் சத்தம் அளக்கிற செயலி இருக்கிறதல்லவா, அதை வைத்துப் பார்த்தோம். பலகை ஓடும்போது முன்பு 98 டெசிபல் காட்டியது, இப்போது 87 காட்டுகிறது. போன் கருவி துல்லியம் இல்லை, ஆனாலும் வித்தியாசம் காதுக்கே தெரியும். பக்கத்து வீட்டு அம்மாவே சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, மிஷின் ரிப்பேரா என்று கேட்டார்கள். மத்தியானத் தடை நீங்கியது. எங்களுக்கு அது ஒன்றே போதும்.

பிசிறு ஏன் குறைகிறது? இதற்கு அரிவாள்மனையை நினைத்துக்கொள்ளுங்கள். வாழைக்காயை நேராக வைத்து அழுத்தினால் நசுங்கும். சாய்த்து இழுத்தால் சீராக வெட்டும். சில பிளாக்கில் டிப்புகள் திருகு வரிசையில் நின்றாலும் ஒவ்வொன்றும் மரத்தை நேராகத்தான் சந்திக்கும். சில பிளாக்கில் ஒவ்வொரு டிப்பும் கொஞ்சம் சாய்ந்தே உட்கார்ந்திருக்கும், அது இழுத்து வெட்டும். இரண்டாவது வகையை ஹெலிக்கல் என்பார்கள். கடையில் இரண்டையும் ஒரே பேரில்தான் விற்கிறார்கள். வேம்பு, வாகை மாதிரி முரட்டு மரம் போடுகிறவங்க சாய்வு டிப்பா, நேர் டிப்பா என்று படம் வாங்கிப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்க.

கணக்கு

பேச்சு இருக்கட்டும், கணக்குச் சொல்லு என்று பொருளாளர் அக்கா பார்க்கிறாங்க. சொல்றேன்.

முதலில் பழைய செலவு. சாணைக்கு 300, செட்டிங் ஆளுக்கு 700, ஆக ஒரு தடவைக்குக் கையிலிருந்து 1,000. மிஷின் நின்ற நாளில் ஆறு பேர் கூலி 400 வீதம் 2,400. ஆனால் அன்றைக்கு நாங்கள் முழுக்கச் சும்மா இருக்கவில்லை, உப்புத்தாள் தேய்ப்பதும் எண்ணெய் பூசுவதும் நடக்கும். அதனால் பாதியை, 1,200-ஐ மட்டும் நஷ்டமாக எழுதினோம். ஒரு தடவைக்கு 2,200. மாதம் இரண்டு தடவை, 4,400.

இனி புதுச் செலவு. டிப் ஒன்று 120 ரூபாய், 48 டிப்புக்கு 5,760. எங்கள் ஓட்டத்துக்கு நான்கு முனையும் சேர்த்து ஒன்றரை வருஷம் வரும் என்று போட்டோம். மாதத்துக்கு 320 ரூபாய். 4,400-இல் 320 போனால் மாத மிச்சம் 4,080.

பிளாக், இரண்டு பேரிங், மாட்டும் கூலி, எல்லாம் சேர்ந்து திக்னஸருக்கு 52,000 ஆனது. 52,000-ஐ 4,080-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 13 மாதம். உப்புத்தாள் மிச்சத்தை இதில் சேர்க்கவில்லை. முன்பு 60-ஆம் நம்பர் தாளில் தொடங்குவோம். இப்போது 120-இல் தொடங்கினாலே போதும். மத்தியான மூன்று மணி நேரம் திரும்பக் கிடைத்ததையும் சேர்க்கவில்லை. சேர்த்தால் கணக்கு அழகாக இருக்கும், ஆனால் கடன் கேட்கும்போது நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும்தான் எழுத வேண்டும்.

இந்த விலை எங்களுக்கு வந்த விலை. உங்கள் மிஷின், உங்கள் கடை, உங்கள் மரம் வேறு. எண்ணை எடுத்துக்கொள்ளாதீங்க, கணக்குப் போடுகிற முறையை எடுத்துக்கொள்ளுங்க.

ஏன் முதலில் திக்னஸர்? இரண்டுக்கும் சேர்த்துப் பணம் இல்லை. சர்ஃபேஸ் பிளானரில் கொஞ்சம் பிசிறு விட்டாலும் அடுத்து திக்னஸரில் திருப்பி விடும்போது எடுத்துவிடலாம். திக்னஸர் கடைசி மிஷின், அதற்கு அப்புறம் கைதான். அதிக நேரம் ஓடுவதும் அதுதான். அதன் கடன் முடிந்த பிறகுதான் சர்ஃபேஸ் பிளானருக்கு மாற்றினோம்.

வாங்குமுன் அளக்க வேண்டியது

இது சேலை இல்லை, வீட்டுக்கு வந்து பார்த்துப் பிடிக்காவிட்டால் மாற்ற. ஐந்து அளவு எடுக்க வேண்டும். பிளாக்கின் நீளம். பேரிங் உட்காருகிற இடத்தின் விட்டம். புல்லி மாட்டுகிற தண்டின் நீளம். சாவிப் பள்ளத்தின் அகலம். கடைசியாக, முனை சுற்றுகிற வட்டத்தின் விட்டம். இந்தக் கடைசி அளவு மாறினால் திக்னஸரில் இழுக்கிற உருளையும், சீவலை முறிக்கிற தகடும், பலகையை அமுக்கிப் பிடிக்கிற பட்டையும் எல்லாம் மறுபடி சரி பண்ண வேண்டியிருக்கும். பழைய பிளாக்கைக் கழற்றி அளந்து, படம் எடுத்து, மிஷின் மாடல் நம்பரோடு எழுதி அனுப்பிவிட்டு, அவர்கள் எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகே முன்பணம் கொடுத்தோம்.

மோட்டாரையும் பாருங்க. நேர் பிளேடு ஒரு அடி அடித்துவிட்டு இடைவெளி விடும். ஸ்பைரலில் எப்போதும் ஏதோ ஒரு டிப் மரத்துக்குள் இருக்கும். அதனால் மோட்டாருக்கு இழுப்பு கூடும். அகலமான பலகையை ஒரே தடவையில் ஆழமாகச் சீவ நினைத்தால் மோட்டார் திணறும். நாங்கள் ஒரு ஓட்டத்துக்கு ஒரு மில்லி மீட்டருக்கு மேல் எடுப்பதில்லை. இரண்டு ஓட்டம் கூடப் போகும், போகட்டும்.

மாட்டும்போது

மெயின் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்க வேண்டும், அல்லது ஃப்யூஸைக் கழற்றி ஒருத்தி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். பிளாக்கைக் கழற்றும்போதே பேரிங்கைப் புதுசாக மாற்றிவிடுங்க. பழைய பேரிங்கின் ஓரத்தில் நம்பர் பொறித்திருக்கும், அதைச் சொன்னால் கடையில் கொடுப்பார்கள். பேரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்றக்கூடாது, புல்லர் போட்டுத்தான் எடுக்கணும்.

சர்ஃபேஸ் பிளானருக்கு ஒரு முக்கியமான விஷயம். பின் மேசை, அதாவது பலகை வெளியே போகிற பக்கத்து மேசை, டிப்பின் உச்சிக்குச் சரிமட்டத்தில் நிற்க வேண்டும். தாழ்ந்து நின்றால் பலகையின் கடைசி முனையில் பள்ளம் விழும். உயர்ந்து நின்றால் பலகை அதில் முட்டும், இல்லையென்றால் ஓரம் நேராக வராது. ஒரு நேர்க்கட்டையை மேசையில் வைத்து, பிளாக்கைக் கையால் மெதுவாகத் திருப்பி, டிப் கட்டையை உரசியும் உரசாமலும் போகிற மாதிரி வைத்துக்கொண்டால் சரி.

டிப் திருப்புகிற வேலை

இதைத்தான் நான் சந்தோஷமாகச் சொல்வேன். இந்த வேலையை இப்போது செய்கிறது எங்கள் குழுவின் மூத்த மதினி. வேறொரு பட்டறையில் கூலிக்குப் போன காலத்தில் வலது கையில் ஒரு விரல் நுனியை இழந்தவங்க. எங்களிடம் வந்த பிறகும் மிஷின் பக்கமே வர மாட்டாங்க, எண்ணெய் பூசுகிற வேலை மட்டும் போதும் என்பாங்க. இன்றைக்கு பிளக்கைப் பிடுங்கி, ஃப்யூஸைத் தன் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு, முக்காலியில் உட்கார்ந்து 48 டிப்பையும் திருப்பி முடிக்கிறாங்க. வெளியாள் யாரும் வர வேண்டியதில்லை.

முறை இதுதான். ஒரு டிப்பைக் கழற்றினால் அதன் அடி, அது உட்காருகிற பள்ளம், திருகாணி மூன்றையும் பல் துலக்குகிற பழைய பிரஷ் வைத்துத் துடைக்க வேண்டும். ஒரு துளி மரத்தூள் அடியில் சிக்கினாலும் டிப் தூக்கி நிற்கும், பலகை நெடுக ஒரு கோடு விழும். பிசின் பிடித்திருந்தால் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்து, நன்றாகக் காயவைத்து மாட்டணும். டிப்பின் மூலையில் மார்க்கர் பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டால் எந்த முனை எந்த மாதத்தில் திரும்பியது என்று தெரியும். எங்கள் சுவர்க் காலண்டரில் பால்கணக்கோடு டிப் கணக்கும் இருக்கிறது.

திருகாணியைக் கைப்பலத்துக்கு இறுக்கக்கூடாது. பிளாக் செய்தவர்கள் ஒரு அளவு சொல்வார்கள். எங்களுடையதற்கு 5 நியூட்டன் மீட்டர். அதற்கு டார்க் ரெஞ்ச் என்று ஒரு கருவி, அளவு வந்ததும் டிக் என்று சொல்லும். அளவுக்கு மேல் இறுக்கினால் கார்பைடு விரிசல் விடும், திருகாணித் தலை சிதையும். குறைந்தால், 5,000 சுற்றில் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கார்பைடு கடினம், ஆனால் கண்ணாடி மாதிரி நொறுங்கும். ஆணி பட்டால் முனை உடையும். பழைய தேக்கு போடுகிறவங்க முதலில் காந்தத்தை வைத்து நெடுக ஓட்டிப் பாருங்க. அப்படியும் உடைந்தால் அந்த ஒரு டிப்பைத் திருப்பினால் போதும், பிளாக் முழுக்கக் கழற்ற வேண்டாம். நேர் பிளேடில் ஒரு ஆணி என்றால் மூன்று பிளேடும் சாணைக்குப் போகும். ஆனால் பழசான டிப்புகளுக்கு நடுவே ஒரே ஒரு புது முனை நின்றால் அது துளி தூக்கித் தெரியும், மெல்லிய கோடு விழும். அதை உப்புத்தாளில் எடுத்துவிடலாம்.

எது மாறவில்லை?

ஸ்பைரல் பிளாக் வந்தால் கைக்குப் பாதுகாப்பு என்று சில கடையில் சொல்றாங்க. நம்பாதீங்க. சத்தம் குறைந்தது, கூர்மை குறையவில்லை. சொல்லப்போனால் சத்தம் குறைவாக இருப்பதால் மிஷின் நின்றுவிட்டது என்று நினைத்துக் கை போக வாய்ப்பு உண்டு. சுவிட்ச் போட்டதும் எரிகிற சிவப்பு விளக்கு ஒன்று வைத்திருக்கிறோம். சுவிட்சை அணைத்த பிறகும் பிளாக் கொஞ்ச நேரம் சுற்றும், முழுக்க நிற்கிற வரைக்கும் யாரும் குனியக்கூடாது.

பழைய காலத்தில் கட்டர் பிளாக் சதுரமாக இருந்ததாம். கை உள்ளே போனால் திரும்பாது. கையால் தள்ளுகிற மிஷினுக்கு உருளை பிளாக்தான் இருக்க வேண்டும், அதன்மேல் பாலம் மாதிரி காப்புத் தகடு நிற்க வேண்டும் என்று தொழிற்சாலை விதிகளிலேயே எழுதினார்கள். அந்தத் தகட்டை வேலைக்கு இடைஞ்சல் என்று கழற்றிப் போடுகிற பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. நம் பட்டறையில் அது நடக்கக்கூடாது. ஒரு அடிக்குக் குறைந்த துண்டை சர்ஃபேஸ் பிளானரில் விடக்கூடாது. கையை நேரே வைத்துத் தள்ளாமல் தள்ளுகட்டை வைத்துத்தான் தள்ளணும்.

நமக்கென்று சில விஷயம். சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, முந்தானை உள்ளே. தாலிச் சங்கிலி சட்டைக்குள். பின்னல் கொண்டையாகணும். வளையல் கழற்றி டப்பாவில். கையுறை போடவே கூடாது, அது கையைக் காக்காது, பிடித்து உள்ளே இழுக்கும்.

தூசியையும் சொல்லணும். ஸ்பைரலில் வருவது நீளச் சுருள் இல்லை, பொடிச் சீவல். குழாயில் அடைக்காமல் உறிஞ்சும் கருவிக்குள் சுலபமாகப் போகும். உறிஞ்சும் கருவி இல்லாவிட்டால் அதே பொடி வீடெல்லாம் பறக்கும். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே முதல் வகையில் சேர்த்திருக்கிறது. முக்கியமாக மூக்குப் பகுதியில். முந்தானையை மூக்கில் கட்டினால் நுண்தூள் நிற்காது, அதற்கென்று இருக்கிற முகக்கவசம்தான் போடணும். காதடைப்பானையும் விடாதீங்க. 87 டெசிபல் என்பது குறைந்த சத்தம்தான், காதுக்கு நல்ல சத்தம் இல்லை. நாள் முழுக்கக் கேட்டால் 85-க்கு மேலேயே காதைப் பழுதாக்கும்.

யாருக்கு வேண்டாம்?

மாதத்தில் நான்கு நாள் மட்டும் மிஷின் ஓடுகிற குழுவுக்கு இது வேண்டாம். வருஷத்துக்கு நான்கு தடவை சாணை பிடிக்கிறவங்க 52,000 போட்டால் அந்தப் பணம் திரும்பிவர ஆறு வருஷத்துக்கு மேல் ஆகும். பிளேடு செட்டிங் தெரிந்த ஆள் குழுவிலேயே இருந்தாலும் அவசரம் இல்லை. மிஷினின் மேசையே வளைந்து, தண்டு ஆடி, கிழடு தட்டிப்போயிருந்தால் அதில் புது பிளாக் மாட்டுவது இடிந்த வீட்டுக்குத் தேக்குக் கதவு போடுகிற மாதிரி. அந்தப் பணத்தை நல்ல மிஷினுக்குச் சேருங்க.

கோரிக்கை

இப்போது கூட்டமைப்புக்கு. நம் தமிழ்நாட்டில் 1989-ல் தருமபுரியில் மகளிர் குழுக்கள் தொடங்கிய காலத்திலிருந்து நம் கடன் முறை ஆடு, மாடு, பெட்டிக்கடை, பிள்ளை படிப்பு, மருத்துவம் என்று அவசரத் தேவைக்கு ஏற்றதாக வளர்ந்தது. நம் கூட்டமைப்பிலும் 12 மாதத் தவணைதான். ஆட்டுக்கு அது சரி. மிஷினுக்குச் சரியில்லை.

எங்கள் கணக்கையே பாருங்க. 52,000 கடன், வருஷத்துக்கு 12 விழுக்காடு வட்டி, குறையும் நிலுவைக்கு. 12 மாதத் தவணை என்றால் மாதம் 4,620 ரூபாய். பிளாக் மிச்சம் பிடித்துக் கொடுப்பதோ 4,080. மாதம் 540 துண்டு விழுந்தது. அந்தப் பன்னிரண்டு மாதமும் ஆறு பேரும் கூலியிலிருந்து 90 ரூபாய் வீதம் போட்டுத்தான் கட்டினோம். ஒரு தவணைகூடத் தவறவில்லை, அது கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் 90 ரூபாய் ஒரு வீட்டில் நான்கு நாள் காய்கறி. அதைச் சொல்லாமல் விட முடியாது.

இதையே 18 மாதமாக்கினால் தவணை 3,171. மாதம் 900 ரூபாய் கையில் நிற்கும். அதில் அடுத்த டிப் செட்டுக்கும் காதடைப்பானுக்கும் எடுத்து வைக்கலாம். மொத்த வட்டி 1,600 ரூபாய் சொச்சம் கூடும், அதுவும் நம் கூட்டமைப்புக்குத்தான் வருகிறது. யாருக்கும் நஷ்டம் இல்லை.

ஆகவே மூன்று விஷயம் கேட்கிறோம். ஒன்று, கருவி வாங்கவும் மேம்படுத்தவும் தரும் கடனுக்கு 18 மாதத் தவணை. கேட்கிற குழு, மாத மிச்சம் எவ்வளவு என்று எழுதிக் காட்ட வேண்டும் என்பதையும் சேர்த்தே விதி போடுங்க. இரண்டு, மரவேலை செய்கிற மூன்று குழுவுக்கும் பொதுவாக ஒரு டார்க் ரெஞ்ச், ஒரு பேரிங் புல்லர், ஒரு பெட்டி டிப் கூட்டமைப்பு அலுவலகத்தில் இருக்கட்டும். எடுத்தவர் நோட்டில் எழுதி, டிப் விலையைக் கட்டிவிட்டு எடுப்போம். மூன்று, டிப் திருப்பவும், மேசை மட்டம் பார்க்கவும், காப்புத் தகடு வைக்கவும் ஒரு நாள் பயிற்சி. இடம் எங்கள் பட்டறை, சொல்லிக்கொடுக்கிறது எங்கள் மதினி. வெளியாளுக்குக் கொடுக்கிற மதிப்பூதியத்தை அவங்களுக்கே கொடுங்க.

பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக எடுத்துக்கொள்ளும்படி எழுத்து மூலமாகவும் கொடுத்திருக்கிறோம். கணக்குத் தாளை இணைத்திருக்கிறோம், வங்கி சாரும் ஒரு தடவை சரிபார்க்கட்டும்.

வெளியே எங்கள் கடையில் இரண்டு வேப்பம்பலகை வைத்திருக்கிறோம். ஒன்று நேர் பிளேடில் இழைத்தது, ஒன்று ஸ்பைரலில் இழைத்தது, இரண்டும் ஒரே மரத்துத் துண்டு. உப்புத்தாள் போடவில்லை. போகும்போது கையால் தடவிப் பாருங்க.